மூச்சு விட மூன்று கட்டம்

மூச்சு விடுவதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். அதில் ஒரு தீர்மானம் எடுத்து, அந்தத் தீர்மானத்தின்படி என் பிள்ளைகளை மூச்சு விடச் சொன்னார்கள். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லச் சொல்ல ரத்தம் கொதிக்கத்தான் செய்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. மிஸ். விளையாட்டு ஆசிரியை என்று சொன்னால் கேட்க மரியாதையாக இருக்கும், ஆனால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மழை வந்தால் என் பீரியடைக் கணக்கு மாஸ்டர் எடுத்துக்கொள்வார். வெயில் அடித்தால் அறிவியல் டீச்சர் எடுத்துக்கொள்வார். பரீட்சை வந்தால் ஆளாளுக்குப் பிடுங்கிக்கொள்வார்கள். மிச்சம் மீதி கிடைத்த நேரத்தில் ஒரு பெண்கள் கால்பந்து அணியை உண்டாக்கி, பள்ளிகளுக்கு இடையேயான போட்டியில் ஃபைனல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தேன். இழுத்துக்கொண்டு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பாதிப் பேரை வீட்டு வாசலில் போய் நின்று, அப்பா அம்மாவிடம் கெஞ்சித்தான் கூட்டிவந்தேன்.

எங்கள் கோல்கீப்பருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கதவு. பந்து உள்ளே போகாது என்பதால் அந்தப் பெயர். நெட்டையான பெண், அகலமான தோள், பேச்சு ரொம்பக் குறைவு. அவள் அம்மா ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், ஷிஃப்ட் மாற்றிக் கிடைக்காததால் ஒரு மேட்சைக்கூடப் பார்த்ததில்லை. கதவுக்கு ஒரே ஒரு ஆசை. விளையாட்டுப் பள்ளி ஒன்று இருக்கிறது. தங்கி, சாப்பிட்டு, படித்து, விளையாடலாம், எல்லாம் அவர்கள் செலவு. ஃபைனலைப் பார்க்க அங்கிருந்து தேர்வாளர் வருவார். வயது வரம்பில் அவளுக்கு இதுதான் கடைசி வருஷம்.

முதல் முதலில் வெளியூர் மேட்சுக்குப் போனபோது, விசில் ஊத நேரமாகியும் அவளைக் காணோம். தேடிப் போனால், சாமான் அறையில் பக்கெட்டுக்கு முன்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். கையைப் பிடித்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. நடுக்கத்தில் கிளவுஸின் பட்டையை ஒட்டக்கூட முடியவில்லை.

"என்னடி ஆச்சு? சாப்பிட்டது சேரலையா?"

"பயம் மிஸ். எப்பவும் இப்படித்தான். ஆட ஆரம்பிச்சிட்டா சரியாயிடும்." பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ். சொன்னா டீம்லேர்ந்து எடுத்துடுவாங்க."

"யாருடி எடுப்பா? டீமே என்னோடது."

"பிள்ளைங்க கிண்டல் பண்ணுவாங்க மிஸ். கதவு ஆடுதும்பாங்க."

அவளை மட்டும் தனியாக உட்காரவைத்து மூச்சை இழுத்து விடு என்றால், மறுநாளே பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்தேன். தோளில் கை போடுங்கள், தலையைக் குனியுங்கள், கண்ணை மூடுங்கள், மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள். எல்லோருடைய மூச்சும் ஒன்றாக வரும்வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. அதிலிருந்து ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் கதவுக்கு ஒரு பக்கம் நான் நிற்பேன், இன்னொரு பக்கம் கேப்டன் நிற்பாள். கேப்டனின் கைக்கு அந்த நடுக்கம் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நிற்கும், கதவு போய்க் கோல் போஸ்ட்டுக்கு நடுவில் நிற்பாள், அப்புறம் அவளைத் தாண்டி ஈ காக்கா நுழையாது. இவ்வளவுதான் விஷயம்.

செமி ஃபைனல் அன்றைக்கு மருந்துக்கடைக்காரர் அந்த வட்டத்தைப் போட்டோ எடுத்தார். அவர் மகள் எங்கள் ரிசர்வ் கோல்கீப்பர், பிள்ளைகள் அவளை மாத்திரை என்று கூப்பிடுவார்கள். நல்ல மனிதர்தான். எந்தப் பிள்ளைக்கு அடிபட்டாலும் கடையிலிருந்து பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து கொடுப்பார், காசு வாங்கமாட்டார். ஆனால் எதைப் பார்த்தாலும் அவருக்குப் புல்லரிக்கும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோவைப் போட்டு, 'ஆடும் முன் ஆண்டவனை நினைக்கும் நம் செல்வங்கள்! புல்லரித்துப் போனேன்!' என்று எழுதிவிட்டார்.

நாங்கள் ஜெயித்திருந்தோம். அதைப் பற்றி அந்தக் குழுவில் ஒரு வரி கிடையாது.

கேப்டனின் அப்பா வக்கீல். அவர்தான் முதலில் பதில் போட்டார். 'எந்த ஆண்டவன்? பள்ளி அணிக்குப் பிரார்த்தனை நடத்த யார் அனுமதி கொடுத்தது?' அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. கடவுளை நினைப்பது குற்றமா என்று ஒருவர். எங்கள் வீட்டுப் பெண்ணை வேறு யாருடைய வேண்டுதலிலோ நிற்கவைத்தீர்களா என்று ஒரு அம்மா. இத்தனை நாளாக நடக்கிறதா, எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று இன்னொருவர். நடுவில் ஒரு புண்ணியவான் சைக்கிள் விற்பனைக்கு என்று போட்டிருந்தார். அந்த ஒரு செய்திதான் உருப்படியாக இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் என் போன் துள்ளிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உன் போனுக்கு என்ன, குளிர் ஜுரமா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம தொழில் பரவாயில்லப்பா," என்றார். "லிஃப்ட் பாதியில நின்னா உள்ள இருக்கற அத்தனை பேரும் தானா சாமி கும்பிடுவாங்க. இதுவரைக்கும் ஒருத்தன் கமிட்டி போட்டதில்ல."

"ஏங்க, நான் வயித்தெரிச்சல்ல இருக்கேன், உங்களுக்கு வேடிக்கையா இருக்கா?"

"உண்மையச் சொல்லிட்டுப் போயேன். அந்தப் பொண்ணு பயப்படறா, அதுக்குத்தான்னு."

"சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்ப வாங்கிக் கட்டிக்க," என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் எச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் தலைமையாசிரியை கெட்டவர் கிடையாது. அவருக்குச் சண்டை என்றால் ஆகாது, அவ்வளவுதான். சண்டை வராமல் இருக்க எந்த அளவுக்குக் குழப்பத்தையும் உண்டாக்கத் தயாராக இருப்பார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பழைய மாணவர்களின் போட்டோக்கள், மேலே ஓர் உலக உருண்டை. பேசும்போது அதைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருப்பார்.

"யார் மனசும் புண்படக் கூடாது மிஸ்," என்றார்.

"மேடம், அது மூச்சுப் பயிற்சி. பிள்ளைங்க மூச்சு விடறதுல யார் மனசு மேடம் புண்படுது?"

"மூச்சு விடறதைப் பத்திப் பேச்சே இல்ல. அது பார்க்க எப்படி இருக்குங்கறதுதான் பிரச்சனை."

பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கிறது என்பதற்கு நான் என்ன செய்யமுடியும்? சனிக்கிழமை கூட்டம் என்றார். உலகம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

கூட்டம் நூலக அறையில் நடந்தது. அங்கே சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கான நாற்காலிகள்தான் உண்டு. பெரிய பெரிய ஆட்கள் முழங்கால் தாடைக்கு வர உட்கார்ந்துகொண்டு கடவுளைப் பற்றிப் பேசினார்கள்.

வக்கீல் எழுந்தார். "எனக்கு யாரோட நம்பிக்கை மேலயும் கோபம் இல்ல. ஆனா கோச் நடுவுல நின்னு தலையக் குனின்னு சொன்னா, எந்தப் பிள்ளை குனியாம நிக்கும்? வெளிய நின்னா டீம்ல இடம் போயிடுமோன்னு பயம் வராதா? கும்பிடாம இருக்கறதுக்கும் ஒரு பிள்ளைக்கு உரிமை இருக்கு."

அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மருந்துக்கடைக்காரர் விடுவாரா? "மேட்சுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அந்த நேரத்துல கடவுளை நினைச்சா உங்களுக்கு என்ன சார் நஷ்டம்? இதையும் ஒளிஞ்சு நின்னுதான் செய்யணுமா?"

அதுவும் சரிதான். இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் இரண்டு பேரும் பேசிய விஷயத்துக்கும் என் வட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் எழுந்தேன். "நீங்க ரெண்டு பேரும் இல்லாத ஒண்ணுக்காகச் சண்டை போடறீங்க. அங்க பிரார்த்தனையே கிடையாது. வெறும் மூச்சு."

"அப்புறம் ஏன் கண்ணை மூடறாங்க?" என்றார் வக்கீல்.

"கவனம் சிதறாம இருக்க."

"ஏன் தலையக் குனியறாங்க? ஃபைனல் வரைக்கும் வந்த டீமுக்கு மூச்சு விடச் சொல்லித்தர என்ன அவசியம்? யாருக்காக?"

யாருக்காக என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் எதிரே ரிசர்வ் கோல்கீப்பரின் அப்பா உட்கார்ந்திருக்கிறார். என் பொண்ணுக்கு எப்ப மிஸ் சான்ஸ் கொடுப்பீங்க என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறவர். வாயை மூடிக்கொண்டேன். நான் மூடிக்கொண்டதைப் பார்த்து வக்கீல், பார்த்தீர்களா என்கிற மாதிரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வெட்கப்படாதீங்க மிஸ்," என்றார் மருந்துக்கடைக்காரர் பரிவாக. "பக்தின்னா பக்தின்னே சொல்லுங்க. நாங்க இருக்கோம்."

"சார், சத்தியமா சொல்றேன், அங்க ஒருத்திகூடச் சாமி கும்பிடல!"

"எது மேல மிஸ் சத்தியம் பண்றீங்க?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது, வக்கீல் உட்பட. அவர்கள் இருவரும் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

அப்புறம் எச்.எம். தன் யோசனையைச் சொன்னார். ராத்திரி தூங்காமல் யோசித்தாராம். தூங்கியிருக்கலாம். மைதானக் கோட்டுக்கு வெளியே சுண்ணாம்புப் பொடியால் மூன்று கட்டம் போடுவது. பிரார்த்தனை செய்ய விரும்புகிறவர்கள் இடது கட்டம். எதுவும் செய்ய விரும்பாதவர்கள் வலது கட்டம். மூச்சு மட்டும் விடுகிறவர்கள் நடுக் கட்டம். நடுக் கட்டத்தில் நிற்பவர்கள் பிரார்த்தனை செய்வதாக யாரும் தவறாக நினைத்துவிடாதபடி தலை நிமிர்ந்து, கண்ணைத் திறந்து, கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நிற்கவேண்டும்.

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "மேடம், கண்ணைத் திறந்து வச்சா அது வேலை செய்யாது."

"மூச்சு விடறதுக்கும் கண்ணுக்கும் என்ன மிஸ் சம்பந்தம்?"

வக்கீல் ஒத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரரும் ஒத்துக்கொண்டார், இடது கட்டம் கொஞ்சம் பெரிதாக இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் கதவிடம் சொன்னபோது அவள் கிளவுஸைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் பார்ப்பாங்களா மிஸ்?"

"நீ முன்னாடியே சாமான் ரூம்ல போய் மூச்சு விட்டுட்டு வந்துடு. வெளிய வந்து சும்மா ஒரு ஓரமா நில்லு."

சரி மிஸ் என்றாள். எனக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. எல்லோர்மேலும்தான்.

ஃபைனல் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. கூட்டம் இதுவரை வராத கூட்டம். பாதிப் பேர் கால்பந்து பார்க்க வரவில்லை, எந்தப் பிள்ளை எந்தக் கட்டத்தில் நிற்கப் போகிறது என்று பார்க்க வந்திருந்தார்கள். தேர்வாளர் தொப்பி போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்புக் கட்டங்கள் வெயிலில் பளிச்சென்று இருந்தன. சாமான் அறையில் மைக் செட்டை வைத்து, அதற்கு ஒரு ஆளையும் உட்காரவைத்துவிட்டார்கள். அதனால் கதவுக்கு ஒதுங்க அந்த இடமும் இல்லாமல் போனது.

எதிரணியின் கோச் என்னிடம் வந்து, "இது என்ன மிஸ், புது ரூலா? எங்களுக்குச் சொல்லவே இல்லையே," என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எச்.எம். மைக்கில் அறிவித்தார். இடது கட்டம் இன்னார், வலது கட்டம் இன்னார், நடுக் கட்டம் இன்னார். மாணவிகள் தங்கள் விருப்பப்படி சுதந்திரமாக நிற்கலாம் என்றார்.

ஒருத்தியும் நகரவில்லை. எல்லோரும் திரும்பி அவரவர் அப்பா அம்மாவைப் பார்த்தார்கள். இத்தனை மாதம் ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு நின்றவர்கள், பக்கத்தில் இருக்கிறவள் எந்தச் சாமி கும்பிடுகிறவள் என்று நினைத்தே பார்க்காதவர்கள். இப்போது ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். மாத்திரை அப்பாவைப் பார்த்தாள், இடது கட்டத்துக்குப் போனாள். அவளோடு இன்னும் சிலர் போனார்கள். வலது கட்டத்துக்கு இரண்டு பேர் போனார்கள், அதில் ஒருத்தி அழுதுகொண்டே போனாள். கேப்டன் இடது பக்கம் ஒரு காலை வைத்தாள். வக்கீல் எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றினார். கேப்டன் காலை எடுத்துக்கொண்டு எந்தக் கட்டத்திலும் நிற்காமல் கோட்டின் மேலேயே நின்றாள்.

நடுக் கட்டத்தில் கதவு மட்டும் நின்றாள். தலை நிமிர்ந்து, கண்ணைத் திறந்து, கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு. அவளுடைய கண் மட்டுமா திறந்திருந்தது? மைதானத்தில் இருந்த அத்தனை கண்ணும் திறந்திருந்தது. கை நடுங்கியது. தோள் நடுங்கியது. எதிரணியில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடுத்த நொடி கதவு குனிந்து சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே வாந்தி எடுத்தாள்.

நான் ஓடினேன். எனக்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் ஓடிவந்துவிட்டார், பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தபடி. "ஐயோ குழந்தைக்கு உடம்பு சரியில்ல மிஸ். இதைப் போடுங்க, நின்னுடும். பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும். என் பொண்ணு ரெடியா இருக்கா." அவர் நிஜமாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னார். இரக்கத்தோடு இரக்கமாக மகளுக்கும் ஒரு வழி பார்த்தார்.

ரெஃப்ரி வந்தார். பின்னாலேயே எச்.எம். வந்தார், கையில் மைக்கோடு. "என்ன ஆச்சு? கோல்கீப்பர் ஆட முடியுமா, முடியாதா?" என்று ரெஃப்ரி கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு நிமிர்ந்தாள். "ஆடுவேன் சார். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பயம். ஒவ்வொரு மேட்சுக்கும் எனக்கு இப்படித்தான் வரும். அந்த வட்டமே எனக்காகத்தான் மிஸ் வச்சாங்க. யாரும் சாமி கும்பிடறதுக்கு இல்ல."

எச்.எம். கையில் இருந்த மைக் அணைக்கப்படவில்லை. ஒலிபெருக்கி அவள் சொன்னதை மைதானத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. தேர்வாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. நான் என் ஷூவால் அந்தக் கட்டங்களைத் தேய்த்தேன். இடதையும் தேய்த்தேன், வலதையும் தேய்த்தேன், பைத்தியம் பிடித்தவள் மாதிரி தேய்த்தேன். "மிஸ், தீர்மானம்..." என்று எச்.எம். ஆரம்பித்தார். "தீர்மானத்தை நான் பார்த்துக்கறேன் மேடம்," என்றேன். "எல்லாரும் வாங்கடி இங்க. வட்டமா நில்லுங்க. கண்ணை மூடுங்க. யார் யார் உள்ளுக்குள்ள என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியவேண்டாம். வாங்க!"

வந்தார்கள். கேப்டன்தான் முதலில் வந்தாள், கதவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரை அவள் அப்பா நிற்கும்போதே இன்னொரு பக்கம் வந்து நின்றாள். எனக்கு இடம் இல்லை. அதனால் நான் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன்.

"நீங்களும்தான்! எல்லாரும் கண்ணை மூடுங்க. யாரும் இந்தப் பக்கம் பார்க்கக் கூடாது."

வக்கீல் விடவில்லை. "யாரையும் கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது மிஸ்."

"அப்படின்னா திரும்பி நில்லுங்க சார்!"

ஒரு நொடி என்னை முறைத்தார். பிறகு திரும்பி நின்றார். நல்லவேளை. மருந்துக்கடைக்காரர் அங்கேயே கண்ணை மூடிக்கொண்டார். அவர் வேண்டினாரா சும்மா நின்றாரா, எனக்குத் தெரியாது, எனக்கு அதில் அக்கறையும் இல்லை. எச்.எம்.மும் கண்ணை மூடிக்கொண்டார், மைக்கை நெஞ்சோடு பிடித்தபடி. அவருடைய மூச்சு ஒலிபெருக்கியில் புஸ் புஸ்ஸென்று மைதானம் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளின் முதுகெல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

அதற்கப்புறம் கதவு ஆடிய ஆட்டத்தை நான் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. இடது மூலைக்கு வந்ததைப் பாய்ந்து தட்டினாள். மூக்குக்கு நேரே வந்ததை நெஞ்சில் வாங்கினாள். பெனால்டி ஒன்று வந்தது, நான் பார்க்கவில்லை, என்னால் முடியவில்லை. சத்தம் கேட்டுத்தான் பிடித்துவிட்டாள் என்று தெரிந்தது. கேப்டன் கடைசியில் ஒரு கோல் போட்டாள். ஜெயித்துவிட்டோம். என் வீட்டுக்காரருக்கு போன் பண்ணி, சொல்ல வார்த்தை வராமல் அழுதேன். "தோத்துட்டீங்களா?" என்றார் மனிதர்.

கோப்பை கொடுத்து முடிந்ததும் தேர்வாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். கேப்டனை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"கோல்கீப்பர் சார்?"

"கை அருமையான கை மிஸ். பொய் சொல்லக் கூடாது, இந்த வருஷம் நான் பார்த்ததுலயே நல்ல கை." தொப்பியைத் தட்டிக்கொண்டார். "ஆனா ஒவ்வொரு மேட்சுக்கும் மைதானத்தையே கண்ணை மூடச் சொல்லமுடியாதே. பயம் தெளியட்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிடும் சார்."

"அடடா," என்றார். அந்த அடடாவோடு அவர் காரில் ஏறிப் போய்விட்டார். பயத்தோடு நின்று பெனால்டியைப் பிடித்தவள் பெரியவளா, பயமே இல்லாமல் நிற்கிறவள் பெரியவளா என்று அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கவேண்டும். எனக்கு அது கார் போன பிறகுதான் தோன்றியது.

போன் துள்ளியது. குழுவில் மருந்துக்கடைக்காரர் எழுதியிருந்தார்: 'கூட்டு வேண்டுதலுக்குக் கிடைத்த வெற்றி!' வக்கீல் எழுதியிருந்தார்: 'பார்வையாளர்களைத் திரும்பி நிற்கச் சொன்னது எந்த விதியின் கீழ்?' எச்.எம். திங்கட்கிழமை ஒரு கூட்டம் என்று அறிவித்திருந்தார், யார் மனமும் புண்படாமல் இருக்க. போனை அணைத்துவிட்டேன்.

கதவு சாமான் அறைக்கு வெளியே குழாயடியில் கிளவுஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"கேப்டனை எடுத்துட்டாங்கல்ல மிஸ்," என்றாள் அவளே. "நல்லா ஆடினா."

"நீ அவளைவிட நல்லா ஆடின."

"நான் வாந்தி எடுத்தேன் மிஸ்."

அவள் கிளவுஸைப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"மிஸ், கூட்டத்துல நீங்க யாரும் சாமி கும்பிடலன்னு சத்தியம் பண்ணீங்களாமே. கேப்டன் சொன்னா."

"ஆமா. பண்ணினேன்."

"நான் கும்பிட்டேன் மிஸ். ஒவ்வொரு தடவையும். இன்னிக்கும்."

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அவளைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் என்று வந்தது. "அடிப்பாவி! அந்த வக்கீல்கிட்ட நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்டி. அப்படி என்னடி வேண்டிக்கிட்ட? கோல் விழக் கூடாதுன்னா?"

"அதெல்லாம் இல்ல மிஸ். அதை நானே பார்த்துப்பேன்." முகத்தைத் தூக்காமல் சொன்னாள். "நான் நடுங்கறது நிக்கற வரைக்கும் யாரும் கண்ணைத் தொறந்துடக் கூடாதுன்னு. அது ஒண்ணுதான்."

நான் அந்தக் கிளவுஸை வாங்கிக் குழாய் மேல் காயப் போட்டேன்.

"இப்பதான் எல்லாரும் பார்த்துட்டாங்களே," என்றாள். "இனிமே என்னன்னு மிஸ் வேண்டிக்கறது?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.